பாப்பிரெட்டிப்பட்டியில் எத்தனை எழுத்து?

மாணவர்களே, தருமபுரி மாவட்டத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரப் பக்கத்தில், வாணியாறு அணைக்கு அருகே பாப்பிரெட்டிப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. வட்டத் தலைநகரான அந்த ஊரின் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? மேலே படிக்குமுன் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

பா, ப், பி, ரெ, ட், டி, ப், ப, ட், டி. ஆக 10 எழுத்துகள். இதே பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 15 வரும். இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால் அது 19 என்று சொல்லக்கூடும். 57 என்றும் சொல்லக்கூடும். இவற்றில் எது சரி? எல்லாமே சரிதான்! எப்படி என்று பார்ப்போம். ஓர் ஊர்ப் பெயரை எண்ணுவதில் தொடங்கும் இந்தக் கணக்கு, உலகம் முழுவதும் மென்பொருள் எழுதுவோர் அன்றாடம் படும் ஒரு தொல்லைக்கு நம்மைக் கொண்டு செல்லும்.

கணிப்பொறி எண்ணும் விதம்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகையால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அமெரிக்கர்கள் தங்கள் மொழிக்குத் தேவையான 128 குறிகளுக்கு மட்டும் எண் கொடுத்தார்கள். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எண் வரிசை ஒன்று வேண்டுமென்று பின்னர் உருவாக்கப்பட்டதே யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன அல்லவா? ஒதுக்கியதோ 128 இடங்கள். இது எப்படிப் போதும்? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கவில்லை. ‘ப’ என்பதற்கு 2986. கால் குறிக்கு 3006. புள்ளிக்கு 3021. எனவே ‘பா’ என்று நாம் ஒரே எழுத்தாகப் படிப்பதைக் கணிப்பொறி 2986, 3006 என்று இரண்டு எண்களாக வைத்துக்கொள்கிறது. ‘ப்’ என்பது 2986, 3021.

இப்போது நம் ஊர்ப் பெயருக்கு வருவோம். பத்து எழுத்துகளில் எந்தக் குறியும் சேராமல் தனியே நிற்பது ஒரே ஒரு ‘ப’ மட்டுமே. மற்ற ஒன்பதுக்கும் இரண்டிரண்டு எண்கள். 9 × 2 + 1 = 19. கணிப்பொறி சொன்ன 19-க்கு விளக்கம் இதுவே.

அடுத்து 57. இந்த எண்களை நினைவகத்தில் வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தின் அலகு பைட். 1992-ல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் வகுத்த யூ.டி.எஃப்-8 என்ற முறைதான் இன்று இணையத்தில் பெரும்பாலும் வழங்குகிறது. அதன்படி ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘ப’ என்பது 224, 174, 170 என்ற மூன்று பைட்டுகளாக நிற்கும். எனவே 19 × 3 = 57.

ஐம்பது போதுமா?

இப்போது ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கல்வி உதவித்தொகைக்காக இணையதளத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் அமைக்க வேண்டும். அதை எழுதுபவர் வெகு தொலைவில் உள்ள ஒரு நகரத்தில் இருக்கிறார். ‘ஊர்ப் பெயருக்கு 50 போதும்’ என்று அவருக்குக் குறிப்பு வருகிறது. அவர் தம் தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருக்கு 50 பைட் இடம் ஒதுக்குகிறார். சோதித்தும் பார்க்கிறார். ‘சேலம்’ என்று இடுகிறார், 15 பைட். ‘அரூர்’ என்று இடுகிறார், அதுவும் 15. ‘தருமபுரி’, 24 பைட். எல்லாம் சரியாக ஏறுகின்றன. வேலை முடிந்தது என்று அனுப்பி விடுகிறார்.

பாப்பிரெட்டிப்பட்டி மாணவி ஒருத்தி விண்ணப்பிக்கும்போது என்ன ஆகும்? இடமோ 50 பைட். பெயரோ 57 பைட். சில நிரல்கள் அந்தப் பெயரை ஏற்க மறுத்துவிடும். சில நிரல்கள் ஒன்றும் சொல்லாமல் 50-வது பைட்டில் வெட்டி விடும். முதல் 16 குறிகளுக்கு 48 பைட் செலவாகிவிட்டது. 17-வது குறி புள்ளி. அதன் பைட்டுகள் 224, 175, 141. இவற்றில் 224, 175 மட்டும் உள்ளே நிற்க, 141 வெளியே போய்விடும். திரையில் ‘பாப்பிரெட்டிப்பட’ என்று வந்து, அதன் அருகில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றும். பிறகு வேறோர் அலுவலகப் பதிவோடு இந்தப் பெயரை ஒப்பிடும்போது இரண்டும் பொருந்தா. விண்ணப்பம் நின்று போகும். அந்த மாணவி செய்த பிழை ஏதும் இல்லை. தன் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதினாள், அவ்வளவுதான்.

தவறு யாருடையது? குறிப்புக் கொடுத்தவர், “நான் 50 எழுத்து என்றுதான் நினைத்தேன்” என்பார். நிரல் எழுதியவர், “50 என்று சொன்னார்கள், 50 வைத்தேன்” என்பார். இருவரும் சொல்வது உண்மையே. ஐம்பது என்பது எந்த அலகில் என்பதை ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் கேட்கவில்லை. இந்த இடைவெளியில்தான் பெயர் வெட்டுப்பட்டது.

வேலை வெளியூருக்குப் போன கதை

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய வேலையைத் தானே செய்யாமல் வெளியாரிடம் ஒப்படைப்பதை அவுட்சோர்சிங் என்கிறோம். இது புதிதன்று. பள்ளிச் சீருடைக்குத் துணி எடுத்துத் தையற்கடையில் கொடுக்கிறோமே, அதுவும் இவ்வகைதான். ஆனால் தையற்காரர் நம் முன்னால் நிற்கிறார். நாடா பிடித்து அளவெடுக்கிறார். ஐயம் வந்தால் கேட்கிறார். அவர் கடல் கடந்து இருந்து, அளவுச் சீட்டு மட்டும் போனால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968-ல் தொடங்கப்பட்டது. 1985-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தை அமைத்து, செயற்கைக்கோள் வழியே நேரடித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது. இங்கே எழுதிய நிரலை அங்கே உடனே அனுப்ப முடியும் என்பது அதனால் விளங்கிற்று. சென்னைத் தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது.

இந்திய நிறுவனங்களுக்குப் பெருவாரியாக வேலை கொண்டுவந்த ஒன்றும் ‘சொல்லாமல் விட்ட’ வகைதான் என்பது வேடிக்கை. பழைய நிரல்களில் இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதி வந்தார்கள். 1985 என்பது 85. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் அது 00 ஆகிவிடும். 1985-ல் பிறந்தவரின் வயதைக் கணக்கிட்டால் 00 – 85, அதாவது கழித்தல் 85 வயது! 1990-களின் இறுதியில் உலகெங்கும் கோடிக்கணக்கான நிரல் வரிகளைத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு இந்திய நிரலர்களிடம் வந்தது.

சொல்லாமல் விட்டவை

ஒரு நாட்டார் ‘இது யாருக்கும் தெரிந்ததுதானே’ என்று நினைப்பது மறுநாட்டாருக்குத் தெரியாது. சில காட்டுகளைப் பார்க்கலாம்.

பெயர்: வெளிநாட்டுப் படிவங்களில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம். ஆகவே சிலர் தந்தை பெயரை இடுகிறார்கள். சிலர் தலைப்பெழுத்தை மட்டும் இடுகிறார்கள். சிலர் தம் பெயரையே இரு முறை எழுதுகிறார்கள். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர்!

தேதி: 4/7 என்பது நமக்கு ஜூலை 4. அமெரிக்கர்க்கு ஏப்ரல் 7. 25/7 என்று எழுதினால் 25-வது மாதம் இல்லாததால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் நாள், மாதம் இரண்டும் 12-க்குள் இருந்தால் தவறு தெரியவே தெரியாது. அப்படி எத்தனை நாள்கள்? 12 × 12 = 144. இவற்றில் 1/1, 2/2 போன்ற 12 நாள்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132. ஓராண்டில் 132 நாள்கள் ஓசையில்லாமல் மாறிப் போகக்கூடும்.

எழுத்து: பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் பொம்மிடி இருக்கிறது. அதன் முதலெழுத்தை இரு வகையில் சேமிக்கலாம். ப-வுடன் 3018 என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது கொம்பு 3014, கால் 3006 என இரண்டைச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ‘பொ’ என்றே தெரியும். எண்களை அப்படியே ஒப்பிடும் கணிப்பொறிக்கோ இரண்டும் வேறு வேறு ஊர்கள். ஒப்பிடும் முன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்தவர்க்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்குப் போன தவறு

ஊர்ப் பெயர் வெட்டுப்படுவது சிறிய செய்தி என்று தோன்றலாம். அதே வகைத் தவறு ஒரு விண்கலத்தையே அழித்தது.

அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பர் 11-ல் செவ்வாய்க் கோளுக்கு ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற கலத்தை ஏவியது. கலத்தைச் செய்து தந்தது லாக்ஹீட் மார்ட்டின் என்ற நிறுவனம். அதன் வழியைக் கணித்தது நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம். கலத்தின் சிறு உந்திகள் தரும் தள்ளலை நிறுவனத்தின் நிரல் கணக்கிட்டு அனுப்பும். அது பவுண்டு அலகில் எண்களைத் தந்தது. ஆய்வகத்தார் அவற்றை நியூட்டன் அலகு என்று கொண்டார்கள். ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். ஒவ்வொரு முறையும் சிறு பிழை. ஒன்பது மாதப் பயணத்தில் அது சேர்ந்துகொண்டே போயிற்று. 1999 செப்டம்பர் 23-ல் கலம் செவ்வாயை அணுகியபோது சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டியது, சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி அழிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. நியூட்டன் அலகில்தான் தர வேண்டும் என்று குறிப்பில் எழுதியே இருந்தது. எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதன்படி நடந்ததா என்று சோதிக்கவும் வேண்டும். இரண்டாவது, வழிக் கணிப்பில் ஏதோ இடிக்கிறது என்று சிலர் முன்பே ஐயப்பட்டிருந்தார்கள். ஆனால் அந்த ஐயம் முறைப்படி பதிவாகி, தீர்க்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது.

கேள்வியின் விலை

“ஐயம் வந்தால் கேட்டுவிடலாமே?” என்பீர்கள். கேட்பதற்கும் நேரம் ஆகிறது. குளிர்காலத்தில் நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. நமக்கு மாலை 7 மணி என்றால் அங்கே காலை எட்டரை. இங்குள்ளவர் வேலை முடித்துப் புறப்படும்போது அங்குள்ளவர் வேலைக்கு வருகிறார். இன்று கேட்ட கேள்விக்கு நாளைக் காலையில்தான் விடை. ஐந்து ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஐந்து நாள் போய்விடும். முன்னதாகவே யோசித்து ஐந்தையும் ஒன்றாகக் கேட்டால் ஒரே நாள்.

வேலை தாமதமாகிறது என்றால் ஆட்களைக் கூட்டலாமே என்று மேலாளர்கள் நினைப்பதுண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் வெளியிட்ட தம் நூலில், தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று எடுத்துக் காட்டினார். காரணம் நீங்கள் கணக்கில் படிப்பதுதான். 3 பேர் ஒருவரோடொருவர் பேச 3 வழிகள். 10 பேர் பேச 10 × 9 ÷ 2 = 45 வழிகள். 20 பேருக்கு 190. ஆள் இரு மடங்கானால் பேச்சு வழிகள் நான்கு மடங்குக்கு மேல் ஆகின்றன. ஒவ்வொரு வழியிலும் ஒரு செய்தி தவறிப் போகலாம்.

மனப்பான்மை என்னும் கருவி

வேலை கொடுப்பவர்களின் குறை இது: “புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்கிறார்கள், வந்து சேர்வதோ வேறொன்று.” வேலை செய்பவர்களின் குறை இது: “தேவை என்னவென்று தெளிவாகச் சொல்வதில்லை, பாதி முடிந்தபின் மாற்றுகிறார்கள், குறைந்த விலைக்கு, குறைந்த நாளில் கேட்கிறார்கள்.” இரண்டிலும் உண்மை உண்டு. நிரலர் ஒருவர் பிறர் எழுதிய நிரலைத் திறந்தவுடன் ‘இதை எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்வதும் வழக்கம். எந்த நெருக்கடியில், எந்தக் குறிப்பை வைத்து அது எழுதப்பட்டது என்பதை அவர் அறியார்.

ஜெரால்டு வெயின்பெர்க் என்பவர் 1971-லேயே இதைப் பற்றி எழுதினார். நிரலைத் தம்மின் ஒரு பகுதியாகக் கருதுபவர், அதில் பிழை காட்டினால் தம்மையே குறை கூறியதாக வருந்துவார். அதனால் பிழையைக் காணவும் மறுப்பார். நிரல் வேறு, நான் வேறு என்று எண்ணுபவர் தம் நிரலைப் பிறரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்வார். இரண்டாமவர் எழுதும் நிரலே நாளடைவில் நல்ல நிரலாகிறது.

‘புரிந்தது’ என்று சொல்லிவிடும் பழக்கம் அலுவலகத்தில் தொடங்குவதில்லை. வகுப்பில் ஆசிரியர் “புரிந்ததா?” என்று கேட்கும்போது, புரியாமலேயே “புரிந்தது சார்” என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறோமே, அங்கேதான் தொடங்குகிறது. “50 என்றால் எழுத்தா, பைட்டா?” என்று கேட்பவர் அறிவு குறைந்தவர் அல்லர், ஒரு மாணவியின் விண்ணப்பத்தைக் காப்பாற்றுபவர்.

நல்ல நிரலரின் வழக்கங்கள்

இணையதள நிரல் எழுதுவோர் கைக்கொள்ளும் சில நல்ல வழக்கங்களைத் தொகுத்துப் பார்ப்போம்.

ஒன்று: எண்ணோடு அலகையும் எழுதுவார்கள். நீளமா, எடையா, எழுத்தா, பைட்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு: எளிய பெயரை மட்டுமன்றி, கடினமான பெயரையும் இட்டுச் சோதிப்பார்கள். ‘சேலம்’ தேறினால் போதாது. ‘பாப்பிரெட்டிப்பட்டி’ தேற வேண்டும்.

மூன்று: பயனாளரின் திரையில் மட்டும் சரிபார்த்து நிறுத்திவிடமாட்டார்கள். திரையில் நடக்கும் சோதனையைக் கடந்து தவறான செய்தியை அனுப்ப முடியும். ஆகவே செய்தியைப் பெறும் சர்வர் கணிப்பொறியிலும் சோதனை வேண்டும்.

நான்கு: தமக்கு விளங்காத நிரலை எடுத்து ஒட்டமாட்டார்கள். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரி நிரல் ஒன்று நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களைத் தயாரிக்கும் வேலை உலகெங்கும் தடைப்பட்டது. தாங்கள் அதை நம்பியிருக்கிறோம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்து: யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதைப் பதிவு செய்வார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

ஆறு: பிழை நேர்ந்தால் ‘தவறு’ என்று மட்டும் காட்டாமல், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று பயனாளரின் மொழியில் சொல்வார்கள். அவர் ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடமாட்டார்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் பெயரை எண்ணுங்கள். உயிரெழுத்துக்கும் அகர உயிர்மெய்க்கும் ஒன்று, மற்றவற்றுக்கு இரண்டு. மூன்றால் பெருக்கினால் பைட். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் மட்டும் பொம்மிடியில் கண்டது போல இரண்டோ மூன்றோ வரலாம். உங்கள் வகுப்பில் யாருடைய ஊர் 50 பைட்டைத் தாண்டுகிறது?

2. ஒருவர் ஒரு புள்ளிக் கோலத்தைப் போடும் முறையைச் சொற்களில் மட்டும் ஒரு தாளில் எழுதட்டும். படம் கூடாது. அதை வேறு வகுப்பு நண்பரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். கேள்வி கேட்கக் கூடாது. நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று எழுத மறந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அடுத்து, மூன்றே கேள்விகள் கேட்கலாம் என்று விட்டு மீண்டும் வரையச் சொல்லுங்கள். இரு கோலங்களையும் ஒப்பிடுங்கள்.

இன்று தென்காசி அருகே மத்தளம்பாறை போன்ற சிற்றூரிலும் மென்பொருள் எழுதப்படுகிறது. நாளை பாப்பிரெட்டிப்பட்டியில் அமர்ந்து ஜப்பானுக்கோ பிரேசிலுக்கோ நீங்கள் நிரல் எழுதலாம். அப்போது அங்குள்ள ஒரு சிற்றூரின் நீண்ட பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது, ஆகையால் கேளுங்கள்.